எது மாறும், எது மாறாது? வெப் ஃபிரேம்வொர்க்கும் டிசைன் பேட்டர்னும்: தொடங்குபவர்களுக்கு

கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டு பக்கம் ஒரு பசுந்தேயிலை கொள்முதல் மையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு விவசாயிகள் பறித்த இலையைச் சாக்கில் கட்டிக் கொண்டு வருவார்கள். எடை போடுவார்கள். மழைநாளில் இலை நனைந்திருந்தால் ஈரத்துக்காகக் கொஞ்சம் கழிப்பார்கள். நோட்டில் எழுதுவார்கள். மாதக் கடைசியில் மொத்த எடையை அந்த மாத விலையால் பெருக்கி, வாங்கிய முன்பணம், உரக் கடன் எல்லாம் கழித்து, மீதியை வங்கிக் கணக்கில் போடுவார்கள். இந்த நோட்டை வெப் அப்ளிகேஷனாக மாற்றித் தரும் வேலை உங்களிடம் வருகிறது.

நீங்கள் பிசிஏ முடித்தவர், யூடியூபில் நாலு கோர்ஸ் பார்த்தவர். "அண்ணா, இதை ரியாக்ட்ல பண்ணலாமா, ஜாங்கோல பண்ணலாமா?" என்று கேட்பீர்கள். வெப் தளம் கட்டப் பலர் எடுக்கும் இரண்டு கருவிகளின் பெயர்கள் இவை. எங்களிடம் வேலை பழக வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. இந்த வேலையில் எது மாறாது, எது மாறிக்கொண்டே இருக்கும்?

மாறாத பகுதியை ஃபிரேம்வொர்க்கிடம் விட்டுவிடலாம். மாறும் பகுதியைத் தனியாகப் பிரித்து வைக்க டிசைன் பேட்டர்ன் உதவும். இந்த இரண்டு வரியைத்தான் கீழே விரித்துச் சொல்லப் போகிறேன். உதாரணத்துக்கு அந்தக் கொள்முதல் மையமே போதும்.

ஃபிரேம்வொர்க் எந்த வேலையை எடுத்துக்கொள்கிறது

ஒரு விவசாயி தன் போனில் "என் கணக்கு" என்ற லிங்க்கை அழுத்துகிறார். பிரவுசர் உங்கள் சர்வருக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புகிறது. சர்வர் அந்த முகவரியைப் படித்து, எந்த ஃபங்ஷனை அழைக்க வேண்டும் என்று பார்க்கிறது. கேட்பவர் லாகின் செய்திருக்கிறாரா என்று சரிபார்க்கிறது. டேட்டாபேஸில் அவருடைய பதிவுகளை எடுக்கிறது. அவற்றை ஹெச்டிஎம்எல் பக்கமாக்கித் திருப்பி அனுப்புகிறது.

தேயிலைக் கணக்கு, ரூம் புக்கிங், பள்ளிக்கூட ரிசல்ட் என்று எந்தத் தளமானாலும் இந்த வரிசை ஒன்றுதான். ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே எழுதி, அடிபட்டு, திருத்திய வேலை அது. அதைத் திரட்டி ஒரே கட்டாகத் தருவதுதான் ஃபிரேம்வொர்க். லைப்ரரிக்கும், அதாவது தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்த யாரோ எழுதி வைத்த கோட் தொகுப்புக்கும், இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. லைப்ரரியை நீங்கள் அழைப்பீர்கள். ஃபிரேம்வொர்க்கோ நீங்கள் எழுதிய கோட்-ஐ அழைக்கும். எப்போது, எந்த வரிசையில் என்பதை அதுவே தீர்மானிக்கும்; நீங்கள் அது விட்டிருக்கும் இடங்களில் உங்கள் பகுதியை எழுதி வைக்கிறீர்கள். அதனால்தான் ஃபிரேம்வொர்க்கைப் பாதியில் மாற்றுவது கஷ்டம், லைப்ரரியை மாற்றுவது அவ்வளவு கஷ்டம் இல்லை.

"இதையெல்லாம் நானே எழுதிக்கொள்கிறேன், கற்றுக்கொண்ட மாதிரியும் இருக்கும்" என்று சிலர் நினைப்பார்கள். கற்றுக்கொள்வதற்கு எழுதுங்கள், நல்லது. பிறர் பணம் புழங்கும் இடத்தில் வேண்டாம். ஏன் என்று ஒரு சின்ன இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

மையத்தின் கிளார்க், விவசாயியின் பெயரை ஒரு பெட்டியில் டைப் செய்து தேடுகிறார். புதிதாக எழுதுபவர், அந்தப் பெயரை அப்படியே எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வாக்கியத்துக்குள் ஒட்டிவிடுவார். எஸ்கியூஎல்லில் பெயர் ஒற்றை மேற்கோள் குறி இரண்டுக்கு நடுவே நிற்கும். பெரும்பாலான பெயர்களுக்கு இது சரியாக ஓடும். ஒருநாள் டிசூசா என்று ஒருவர் வருகிறார். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் இரண்டாவது எழுத்தாகவே ஒரு மேற்கோள் குறி இருக்கிறது. டேட்டாபேஸ் பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்துப் பிழை காட்டும். அதே ஓட்டை வழியாக ஒருவர் வேண்டுமென்றே மேற்கோளை மூடிவிட்டு, பின்னால் தன் சொந்தக் கட்டளையை எழுதினால் எல்லா விவசாயிகளின் வங்கி விவரமும் அவர் திரையில் வந்து நிற்கும். எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் என்பது இதுதான்.

ஜாங்கோ, லாரவெல் போன்ற ஃபிரேம்வொர்க்குகளில் டேட்டாபேஸைக் கேட்க அவை தரும் வழியிலேயே போனால், கட்டளை தனியாகவும் பெயர் தனியாகவும் டேட்டாபேஸுக்குப் போகும். பெயருக்குள் என்ன குறி இருந்தாலும் அது பெயராகவே இருக்கும். பாஸ்வேர்டும் அப்படித்தான்: ஜாங்கோ பிபிகேடிஎஃப்2 என்ற முறையிலும், லாரவெல் பிகிரிப்ட் என்ற முறையிலும், திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றித்தான் சேமிக்கின்றன. வேறொரு தளம் உங்கள் பயனரின் லாகினைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி ஃபாரம் அனுப்பாமல் இருக்க, ஒவ்வொரு ஃபாரமிலும் ஒரு ரகசிய டோக்கன் வைக்கும் ஏற்பாடும் இவற்றில் உண்டு. இவை எதுவும் தேயிலைக்கே உரிய வேலை கிடையாது. அதனால் இதில் உங்கள் மூளையைச் செலவழிக்க வேண்டாம் என்கிறேன்.

பிறந்த வீட்டைப் பாருங்கள்

ஃபிரேம்வொர்க்குகளின் பட்டியல் நீளமானது. எந்த வேலைக்காக ஒன்று பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அது எதில் கெட்டி என்று பாதி புரிந்துவிடும்.

ஜாங்கோ, அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவானது. 2005-ல் பொதுவில் வெளியானது. பத்திரிகை வேலைக்குக் கெடு உண்டு. நிருபர்கள் கோட் எழுதாமல் செய்தியை உள்ளே போட வேண்டும். அதனால் ஜாங்கோவில் தகவல் சேர்க்க, திருத்த, தேட ஒரு நிர்வாகத் திரை ஏறக்குறைய தயாராகவே வருகிறது. நம் கொள்முதல் மையத்தில் கிளார்க் செய்வதும் அதே தகவல் சேர்க்கும் வேலைதான். விவசாயி பெயர், தோட்டத்தின் பரப்பு, முன்பணம் ஆகியவற்றுக்கான திரைகளை முதல் நாளிலேயே காட்டிவிடலாம். உரிமையாளர் பார்த்து "இந்த இடத்தில் ஊர் பெயரும் வேணும்" என்பார். பேச்சு அங்கிருந்து சரியான திசையில் போகும்.

ரியாக்ட், ஃபேஸ்புக்கில் பிறந்து 2013-ல் வெளியே வந்தது. லைக்கும் கமெண்டும் அறிவிப்பும் திரையில் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் பக்கம் அவர்களுடையது. எந்தத் தகவல் மாறியதோ அதற்கு ஏற்ற மாதிரி திரையின் அந்தப் பகுதியை மட்டும் மாற்றுவதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். கறாராகச் சொன்னால் அது லைப்ரரிதான். முகவரி, லாகின், டேட்டாபேஸ் எதையும் அது தராது. ஆகவே "ரியாக்டா ஜாங்கோவா" என்ற கேள்வியே ஒரே தட்டில் வைக்க முடியாத இரண்டைப் பற்றியது. ஒன்று பிரவுசரில் ஓடுகிறது, இன்னொன்று சர்வரில். இரண்டையும் சேர்த்தும் பயன்படுத்தலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரூபி ஆன் ரெயில்ஸ் 2004-ல் வந்தது. ஜாங்கோ மாதிரியே எல்லாம் உள்ளடக்கியது. லாரவெல் 2011, பிஎச்பி ஓடும் எந்தச் சின்ன ஹோஸ்டிங்கிலும் ஓட்டலாம் என்பதால் நம் பக்கம் நிறையப் பேருக்குத் தெரியும். ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ் இரண்டும் 2010. கொஞ்சமாகத் தந்துவிட்டு மிச்சத்தை நீங்களே தேர்ந்தெடுக்கச் சொல்பவை. அந்தச் சுதந்திரம் அனுபவம் உள்ளவருக்கு நன்மை. புதியவருக்கு ஒவ்வொரு மூலையிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டிய சுமை. வியூ 2014, ரியாக்டின் வேலையைச் செய்யும், பழகுவதற்கு இன்னும் எளிது என்பது என் கருத்து. வேர்ட்பிரஸ் 2003, கோட் எழுதாமலே தளம் நடத்த.

மலையில் டவர் கிடைப்பது ஒரு தொழில்நுட்பக் காரணம்

பெங்களூரிலோ சென்னையிலோ எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது. நமக்கு இதுதான் முக்கியம்.

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில் போனைப் பார்த்துக்கொண்டே போங்கள். ஒரு வளைவில் நாலு கோடு, அடுத்த வளைவில் ஒன்றுமில்லை. மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். விவசாயி கையில் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்.

ரியாக்டைப் பயன்படுத்தினால், உங்கள் கோடில் ஒரு வரி வருவதற்கு முன்பே, சுருக்கிய நிலையிலும் 40 கிலோபைட்டுக்கு மேல் இறங்க வேண்டும். பிரவுசரிலேயே பக்கத்தைக் கட்டும் முறையில் எழுதினால், அது முழுக்க இறங்கி ஓடும் வரை திரை வெள்ளையாகவே நிற்கும். சர்வரிலேயே தயாரான ஹெச்டிஎம்எல் என்றால் வந்த வரை தெரியும். மாதம் ஒருமுறை தன் கணக்கைப் பார்க்க வரும் விவசாயிக்குத் தேவை ஒரு பட்டியல், கீழே ஒரு மொத்தம். அதற்கு ஜாவாஸ்கிரிப்டே வேண்டியதில்லை.

ஆனால் கிளார்க்கின் எடைப் பதிவுத் திரை வேறு விஷயம். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது டவர் போனால் வேலை நிற்கக் கூடாது. பதிவு முதலில் போனிலேயே சேமிக்கப்பட வேண்டும். டவர் வந்ததும் தானாகப் போக வேண்டும். பிரவுசரில் இதற்கென்றே இண்டெக்ஸ்டுடிபி என்ற சேமிப்பிடமும், நெட் இல்லாதபோதும் பக்கத்தைத் திறக்க உதவும் சர்வீஸ் வொர்க்கரும் இருக்கின்றன. ஆக, தளம் முழுக்கச் சர்வரில் கட்டிய பக்கங்கள், இந்த ஒரு திரையில் மட்டும் கனமான ஜாவாஸ்கிரிப்ட். ஒரே முடிவைத் தளம் முழுக்கத் திணிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எந்த ஃபிரேம்வொர்க்கும் தானாகத் தீர்த்துத் தராது. கிளார்க் 38.5 கிலோ என்று பதிந்து அனுப்புகிறார். அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, டேட்டாபேஸிலும் ஏறிவிட்டது. "ஏற்றுக்கொண்டேன்" என்ற பதில் திரும்பி வரும் வழியில் டவர் போய்விட்டது. போனைப் பொறுத்தவரை பதிவு போகவில்லை. அது மறுபடி அனுப்பும். இப்போது அந்த விவசாயி கணக்கில் 77 கிலோ. மாதக் கடைசியில் இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். கண்டுபிடித்தாலும் யாருக்கு யார் மேல் சந்தேகம் வரும் என்றும் யோசியுங்கள்.

தீர்வு சின்னது. பதிவை உருவாக்கும்போதே போன் அதற்கு உலகில் வேறெதற்கும் வராத ஓர் அடையாள எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். யூயூஐடி என்பார்கள். சர்வரின் டேட்டாபேஸில் அந்த எண் இரண்டாவது முறை வரக் கூடாது என்று ஒரு தடை வைக்க வேண்டும். அதே பதிவு எத்தனை முறை வந்தாலும் ஒருமுறைதான் ஏறும். மறுபடி வந்தால் சர்வர் "ஏற்கெனவே இருக்கிறது, சரி" என்று பதில் சொல்லிவிடும். பேமெண்ட் சேவைகளில் பணம் இருமுறை போகாமல் காப்பதும் இதே யோசனைதான்.

யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஃபிரேம்வொர்க் தேர்வில் நான் அதிகம் எடை கொடுப்பது இதற்குத்தான். நீங்கள் நாளைக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விடலாம். கொள்முதல் மையம் கட்டபெட்டில்தான் இருக்கும். அப்போது குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவருக்கு அந்த ஃபிரேம்வொர்க் தெரிந்திருக்க வேண்டும். போன மாதம் வந்த புதிய ஃபிரேம்வொர்க் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு முன் தோற்றுவிடும்.

அடுத்தது ஆயுள். ஜாங்கோவில் நீண்டகால ஆதரவு என்று சில பதிப்புகளை அறிவிப்பார்கள். அவற்றுக்கு மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது, 2028 ஏப்ரல் வரை. எதிர்ப்பக்கம் ஓர் உதாரணம்: கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல் வந்து உலகம் முழுக்கப் பரவியது. 2016-ல் அதே பெயர்க் குடும்பத்தில் வந்த ஆங்குலர் 2, பழையதோடு ஒத்துப்போகாத புதுக் கட்டுமானம். 2021 முடிவோடு பழையதற்கு ஆதரவு நின்றது. அதில் எழுதியவர்கள் திரும்ப எழுத வேண்டியிருந்தது. பெரிய நிறுவனத்தின் பெயர் இருப்பதால் மட்டும் நிம்மதி வந்துவிடாது. பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போவது இதுவரை எப்படி நடந்திருக்கிறது என்று பாருங்கள்.

தமிழையும் கவனியுங்கள். ஜாங்கோவில் இடைமுக மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறது. எந்த ஃபிரேம்வொர்க் ஆனாலும் டேட்டாபேஸை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யூனிகோட் முறையில் அமையுங்கள். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். "கொ" என்பதில் ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்து 6 பைட். பெயருக்கு இடம் ஒதுக்கும்போது, அளவு எழுத்துக் கணக்கா பைட் கணக்கா என்று தெரிந்துகொண்டு ஒதுக்குங்கள்.

டிசைன் பேட்டர்ன்: செங்குத்தான இடத்தில் மட்டும்

சரி, ஜாங்கோவோ லாரவெலோ எடுத்துக்கொண்டீர்கள். மாறாத வேலை முடிந்தது. இப்போது உங்கள் கோட்.

டிசைன் பேட்டர்ன் என்பது திரும்பத் திரும்ப வரும் ஒரு சிக்கலுக்கு, பலர் பட்டுத் தெரிந்துகொண்ட தீர்வின் வடிவம். கோட் துண்டாக அதை டவுன்லோடு செய்ய முடியாது. இந்த யோசனை கட்டடக் கலையிலிருந்து வந்தது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் 1970-களில் வீடு, தெரு, ஊர் ஆகியவற்றின் அமைப்பை இப்படி வடிவங்களாக எழுதினார். மென்பொருளில் 1994-ல் நான்கு பேர் சேர்ந்து 23 வடிவங்களைத் தொகுத்தார்கள். இன்று வகுப்புகளில் சொல்லித்தரும் ஸ்ட்ராட்டஜி, அப்சர்வர், அடாப்டர், சிங்கிள்டன் எல்லாம் அந்த 23-ல் அடக்கம்.

இந்த 23-ஐயும் மனப்பாடம் செய்து, கிடைத்த இடத்தில் எல்லாம் நுழைக்கப் பார்ப்பது புதியவர்களிடம் நான் பார்க்கும் வழக்கம். நம் மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். ஆனால் பல்சக்கரம் கடித்து ஏறும் அந்த நடுத் தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான். அங்கேதான் சில இடங்களில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். மற்ற தூரத்துக்குச் சாதாரணத் தண்டவாளமே போதும் என்று விட்டுவிட்டார்கள். பேட்டர்னையும் ஏற்றம் இருக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். நம் கணக்கில் ஏற்றம் எங்கே?

முதல் இடம் விலை. தேயிலை வாரியம் நீலகிரிக்கு மாதந்தோறும் பசுந்தேயிலையின் சராசரி விலையை அறிவிக்கிறது. ஒரு தொழிற்சாலை அதையே கொடுக்கும். இன்னொன்று நல்ல இலைக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். மூன்றாவது, இலையைத் தரம் பிரித்துத் தரத்துக்கு ஒரு விலை வைக்கும். முதலில் ஒரு "இப்படியென்றால்" எழுதுவீர்கள். அப்புறம் இரண்டு. அடுத்த சீசனில் அந்த ஃபங்ஷன் ஒரு பக்கம் தாண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும்.

ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன் இங்கே பொருந்தும். ஒவ்வொரு விலை முறையையும் தனித் துண்டாக எழுதுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: "இந்த மாதப் பதிவுகளைத் தருகிறேன், தொகை எவ்வளவு?" எந்த மையத்துக்கு எந்த முறை என்பது டேட்டாபேஸில் ஒரு வரி. நாலாவது தொழிற்சாலை வந்தால் நாலாவது துண்டு எழுதுவீர்கள். பழைய மூன்றைத் திறக்கவே மாட்டீர்கள்.

இரண்டாவது இடம் எஸ்எம்எஸ். எடை பதிந்ததும் விவசாயிக்குச் செய்தி போக வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் சேவைகள் பல; கட்டணம் ஏறினால் மாற்றுவீர்கள். ஒவ்வொன்றும் தகவலை வேறு வேறு வடிவில் கேட்கும். உங்கள் கோட் முழுக்க அந்தச் சேவையின் பெயர் சிதறிக் கிடந்தால் மாற்றுவது நரகம். நடுவில் "செய்தி அனுப்பு" என்ற ஒரே ஒரு வாசலை வைத்து, அதற்குப் பின்னால் சேவைக்கு ஏற்ற மொழிபெயர்ப்பை மறைத்து வைப்பது அடாப்டர். தமிழில் அனுப்பும்போது ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துக் குறியீடுகள்தான் கொள்ளும், ஆங்கிலத்தில் 160. மீறினால் இரண்டாக எண்ணிக் காசு எடுப்பார்கள். இந்தியாவில் வணிகச் செய்திகளின் வாசகத்தை முன்பே, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்கவும் வேண்டும். இந்த விவகாரங்கள் எல்லாம் அந்த வாசலுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். எடை பதியும் கோடுக்கு இவை தெரியவே கூடாது.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எம்விசி (மாடல்-வியூ-கன்ட்ரோலர்). டிரிக்வே ரீன்ஸ்காக் என்பவர் 1979-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இதை வகுத்தார். கணக்கும் தகவலும் ஓரிடம், திரையில் காட்டுவது ஓரிடம், பயனர் செய்வதை வாங்கி இரண்டையும் இணைப்பது ஓரிடம். ஃபிரேம்வொர்க்குகள் இந்தப் பிரிவை ஏதோ ஒரு பெயரில் வைத்திருக்கும். ஆனால் அதை மீறுவதைத் தடுக்காது. கழிவு போக மீதியைக் கணக்கிடும் வரியைத் திரை காட்டும் டெம்ப்ளேட்டிலேயே எழுதிவிடுவது சுலபம். அப்புறம் எஸ்எம்எஸ்ஸுக்காக இன்னொரு இடத்திலும் அதே கணக்கை எழுதுவீர்கள். கழிவு விதி மாறும்போது ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பீர்கள். திரையில் ஒரு தொகை, செய்தியில் இன்னொரு தொகை. தன் வியர்வைக்கான காசு இரண்டு விதமாகத் தெரிந்தால் அந்த விவசாயி உங்கள் தளத்தை இனி நம்ப மாட்டார்; நோட்டையே எடுக்கச் சொல்வார்.

வேண்டாதவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு நிகழ்வு நடந்ததும் பல இடங்களுக்குத் தகவல் போகும்படி வைப்பது அப்சர்வர். எடை பதிந்ததும் எஸ்எம்எஸ், மொத்தம் புதுப்பிப்பு என்று இரண்டே வேலை என்றால், இரண்டையும் வரிசையாக நேரடியாக அழைத்துவிடுங்கள். அப்சர்வரில் எதற்குப் பின் எது நடந்தது என்று பிழை தேடுவது சிரமம். ஏழெட்டு வேலைகள், அதுவும் வேறு வேறு ஆட்கள் எழுதுவது என்று வரும்போது யோசிக்கலாம்.

சிங்கிள்டன் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். ஒரு பொருள் மொத்த அப்ளிகேஷனுக்கும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பது அதன் வாக்கு. வெப் சர்வரில் உங்கள் கோட் பெரும்பாலும் பல பிராசஸ்களாக, அதாவது தனித்தனிப் பிரதிகளாக, ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றிலும் ஒரு "ஒன்றே ஒன்று" இருக்கும். ரசீது எண்ணை அப்படி ஒரு சிங்கிள்டனில் எண்ணினால் ஒரே எண்ணில் இரண்டு ரசீது வெளியே போகும். எண்ணும் வேலையை டேட்டாபேஸிடம் கொடுங்கள்.

எல்லாத் தளமும் இவ்வளவு கேட்காது

கோத்தகிரியில் நாலு அறை ஹோம்ஸ்டே நடத்துபவர் தளம் கேட்டால் படங்கள், வாடகை, போன் நம்பர், வழி. சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கம் போதும். அவரே மாற்ற விரும்பினால் வேர்ட்பிரஸ். ஜாங்கோ பற்றி அவரிடம் பேசாதீர்கள். தோடர் எம்பிராய்டரி சால்வை விற்கும் ஒரு மகளிர் குழுவுக்கும் பல நேரம் இதே அளவுதான், கூடவே ஒரு பேமெண்ட் லிங்க்.

மறுகோடியில் இருப்பது இ-பாஸ் மாதிரியான தளங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். சாதாரண நாளில் கொஞ்சம் பேர், கோடை விடுமுறையில் ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் என்று வரும் வேலை அது. இப்படிப்பட்ட தளத்தை வடிவமைப்பவருக்கு ஃபிரேம்வொர்க்கின் பெயரைவிட, எதை கேஷில் (அடிக்கடி கேட்பதைக் கைக்கு எட்டும்படி வைக்கும் தற்காலிகச் சேமிப்பில்) வைப்பது, எதை வரிசையில் போட்டு மெதுவாகச் செய்வது, சோதனைச் சாவடியில் நெட் இல்லாமலே கியூஆர் கோடைச் சரிபார்க்க முடியுமா என்பவைதான் பெரிய கேள்விகள்.

எங்கே தொடங்குவது

ஃபிரேம்வொர்க்குக்கு முன்னால் ஹெச்டிஎம்எல் ஃபாரம், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி வேண்டுகோளும் பதிலும், எஸ்கியூஎல்லில் இரண்டு டேபிளை இணைப்பது ஆகிய மூன்றும் தெரிந்திருக்கட்டும். இவை எந்த ஃபிரேம்வொர்க் போனாலும் கூடவே வரும். அப்புறம் ஜாங்கோவின் சொந்தப் பயிற்சிப் பாடத்தைக் கடைசி வரை செய்யுங்கள். வாக்கெடுப்பு நடத்தும் ஒரு சின்ன அப்ளிகேஷனைக் கட்டுவதாக அது போகும். பைத்தான் தெரியாமல் பிஎச்பி தெரிந்தால் லாரவெல் எடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. முடித்ததும் கொள்முதல் மையத்தின் மாதக் கணக்கை மட்டும் எழுதிப் பாருங்கள். திரை வேண்டாம், ஒரு ஃபங்ஷன் போதும்.

பணத்தை ஃபுளோட் எனப்படும் மிதவைப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பார்த்தால் 0.30000000000000004 என்று வரும். பைத்தானில் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள், அல்லது எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஃபங்ஷனுக்கு மூன்று டெஸ்ட் எழுதுங்கள். முதலாவது: 412 கிலோ, விலை 20 ரூபாய் என்று வைத்தால் 8,240 ரூபாய், முன்பணம் 3,000, உரம் 1,150 கழித்து 4,090 வர வேண்டும். இரண்டாவது: முன்பணம் தொகையைவிட அதிகம் என்றால் மீதக் கடன் அடுத்த மாதத்துக்குப் போக வேண்டும், வங்கிக்கு மைனஸ் தொகை போகக் கூடாது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மாத விலை இன்னும் அறிவிக்கப்படவில்லை என்றால் ஃபங்ஷன் 0 ரூபாய் என்று சொல்லக் கூடாது. "விலை இன்னும் வரவில்லை" என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை கிலோவை மட்டும் காட்ட வேண்டும்.